சிவப்பு மஃப்ளருக்கு அடியில் பதினொரு நொடி

‘நிலாக்குடை தொவாகோ’ என்ற கார்ட்டூன் தொடரில் ஒரு பகுதி இருபத்திரண்டு நிமிடம் ஓடும். பதினான்காவது நிமிடத்தை ஒட்டிக் குடை விரியும். ஆறாம் வகுப்பு படிக்கும் தொவாகோ என்ற ஜப்பானியச் சிறுமி பள்ளிச் சீருடையோடு மொட்டைமாடிக்கு ஓடுவாள். பழைய குடை ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்து மூன்று சுற்று சுற்றுவாள். குடைக்கம்பிகளின் நுனியில் எட்டு நிலாக்கள் முளைக்கும். சீருடை மறைந்து வெள்ளிநிற உடை வரும். எல்லாம் சேர்ந்து சரியாக நாற்பத்திரண்டு நொடி. தொடரில் மொத்தம் நாற்பத்தாறு பகுதிகள். நாற்பத்தாறிலும் அதே நாற்பத்திரண்டு நொடிதான். ஒரே ஒரு முறை, நன்றாக வரைந்து எடுத்து வைத்துக்கொண்டு, வாராவாரம் ஒட்டிக்கொண்டார்கள்.

இதைச் சோம்பேறித்தனம் என்பவர்களை எங்கள் கடைக்கு வரச் சொல்வேன். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் இருக்கும் ஃப்ளெக்ஸ் கடை அது. நான் ஏழு வருடமாக அங்கே டிசைனர். காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுவிழா, எது வந்தாலும் பேனரின் ஓரத்தில் மயில் நிற்கும். எல்லாவற்றிலும் ஒரே மயில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று நாள் உட்கார்ந்து இறகு இறகாக நான் வரைந்தது. எரியோட்டுக்கும் போயிருக்கிறது, வத்தலக்குண்டுக்கும் போயிருக்கிறது. மயிலை யாரும் குறை சொன்னதில்லை. நடுவில் இருக்கும் தங்கள் பிள்ளையின் முகத்தைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். மயில் தயாராக இருப்பதால்தான் முகத்துக்குச் செலவழிக்க எனக்கு நேரம் கிடைக்கிறது. தொவாகோவை வரைந்தவர்களும் வாராவாரம் நாற்பத்திரண்டு நொடி வேலையை மிச்சம் பிடித்து, அந்த நேரத்தை அழுகிற முகங்களுக்கும் நனைகிற தெருக்களுக்கும் கொடுத்தார்கள்.

இப்படிப்பட்ட விஷயங்களை எழுதத்தான் ‘குடை விரியட்டும்’ என்று இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பகுதி. ஒவ்வொரு பகுதியையும் மூன்று முறை பார்ப்பேன். முதல் முறை எல்லாரையும் போல. இரண்டாம் முறை சத்தத்தை அணைத்துவிட்டு. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை மட்டும் கேட்டு. இரண்டாம் முறையில் வரைந்தவர்கள் தெரிவார்கள், மூன்றாம் முறையில் இசையமைத்தவர் தெரிவார். கதைச்சுருக்கம் எழுதமாட்டேன், அது படம் பார்த்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு விமர்சனத்தின் அடியிலும் பேச்சாயி என்று என் பெயர் இருக்கும். எங்கள் குலசாமியின் பெயர். சென்னையில் பலர் அதைப் புனைபெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இருபத்தெட்டு பகுதிகள் எழுதி முடித்திருந்தபோது சென்னையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் அருள்நாதன். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் குரல் கொடுக்கும் நிறுவனம் ஒன்றை நடத்துகிறார். தொவாகோவைத் தமிழில் கொண்டுவரப் போகிறார்கள், அதற்கு வசனம் எழுத ஆள் தேடுகிறார்கள். ‘உங்களுக்குப் பிடித்த ஒரு பகுதிக்கு விமர்சனமும் தமிழ் வசனமும் எழுதித் திங்கட்கிழமைக்குள் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குப் பேசுகிறேன்’ என்று எழுதியிருந்தார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். இத்தனை நாளும் தொவாகோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது அவளுக்கே பேச்சு கொடுக்கலாம். வேறு யாராவது எழுதினால் அவள் ‘ஓ, நான் என்ன செய்வேன், தோழியே’ என்றுதான் பேசுவாள்; அதைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

அனுப்புவதற்கு இருபத்தொன்பதாம் பகுதியைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குக் காரணம் இருந்தது.

அந்தப் பகுதியில் தொவாகோவின் வகுப்புத் தோழி சாயோவுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. குடைக்காரி யார் என்று அவள் பள்ளியில் சொல்லிவிட்டால் குடையின் சக்தி போய்விடும். இருவரும் தொவாகோவின் வீட்டில் ஒரு தாழ்வான மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருக்கிறார்கள். மேசைமேல் தொவாகோவின் சிவப்பு மஃப்ளர் கிடக்கிறது. தொவாகோ மஃப்ளருக்கு அடியில் கையை விடுகிறாள். சாயோவும் விடுகிறாள். அதன்பின் திரையில் மஃப்ளர் மட்டும்தான். துணிக்கு அடியில் மேடுகள் எழும்பி அடங்குகின்றன. பேச்சு இல்லை, இசை இல்லை. பதினொரு நொடி. பிறகு சாயோ எழுந்து, “நாளைக்கு மழை வரும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள்.

நான் பார்த்த விமர்சனங்கள் எல்லாம் இதற்கு ஒரே விளக்கம்தான் சொல்லின: கைகோத்து ஆறுதல் சொல்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் அய்யலூர். அங்கே வியாழக்கிழமை ஆட்டுச்சந்தையில் என் அண்ணன் மலைச்சாமி தரகர். அவருக்கு முன்னால் அப்பா, அப்பாவுக்கு முன்னால் தாத்தா. சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். வாங்குபவரும் தரகரும் துண்டுக்கு அடியில் கையைக் கொடுத்து, விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்கள். நாலு விரலைப் பிடித்தால் நாலு. அது நானூறா, நாலாயிரமா என்பது ஆட்டைப் பார்த்தாலே தெரியும். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். தரகர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் துண்டின் அசைவிலிருந்தே விலையும் தெரியும்.

மஃப்ளரின் அசைவை நான் படித்தேன். நாலு. ரெண்டு. மூணு. தொவாகோ நாலு நாள் அவகாசம் கேட்கிறாள், சாயோ இரண்டு என்கிறாள், மூன்றில் முடிகிறது. முப்பத்திரண்டாம் பகுதியில் சாயோ வகுப்பில் உண்மையைப் போட்டு உடைக்கிறாளே, அது மூன்றாம் நாள்! இதைக் கண்டுபிடித்த அன்று நான் ஃப்ளெக்ஸ் கடையில் எழுந்து நின்று கை தட்டினேன். பதினொரு நொடிக்கு வசனமும் வைத்தேன். “நாலு நாள்.” “ரெண்டு.” “சரி, மூணு.” திங்கட்கிழமை காலை அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு பதிவோடு போட, துண்டுப் பேரத்தை ஒரு சின்ன வீடியோவாக எடுத்துவரலாம் என்று வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு அய்யலூருக்குப் போனேன். சந்தை விடியும் முன்பே கூடிவிடும். நான் போனபோது ஆறரை மணி. வெள்ளாடுகள் ஒரு பக்கம், செம்மறிகள் ஒரு பக்கம், நடுவில் டெம்போக்கள். அண்ணன் ஒரு கிடாயின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னத்தா, வேலை இல்லையா? ஆடு வாங்க வந்தியா?”

“வீடியோ எடுக்க வந்தேன். நீ துண்டப் போட்டுப் பேசு, நான் எடுத்துக்கிர்றேன்.”

“எதுக்கு?”

செல்போனில் அந்தப் பதினொரு நொடியை எடுத்து அவரிடம் கொடுத்தேன். “இதுக்குத்தேன். பொம்மைப் படம். மூஞ்சியப் பாக்காத, துணியப் பாரு. என்ன பேசுறாகன்னு சொல்லு.”

அண்ணன் கிடாயை விட்டுவிட்டுப் போனை வெயில் படாமல் துண்டால் மறைத்துப் பிடித்தார். வேலை நேரத்து முகம் அவருக்கு வந்துவிட்டது. “நாலு” என்றார். “ரெண்டு.” செத்த நேரம் கழித்து, “மூணு.”

எனக்கு உச்சி குளிர்ந்தது. உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றை நாங்கள் இரண்டு பேர் அய்யலூரில் நின்று படித்துக்கொண்டிருந்தோம்.

“நாலு” என்றார் அண்ணன் மறுபடி. புருவம் சுருங்கியது. “ரெண்டு. மூணு. ஏத்தா, இவளுக்கென்ன கிறுக்கா?”

“மறுக்கா ஒருதரம் பேசி உறுதி பண்றாகண்ணே. விமர்சனத்துலயே எழுதியிருக்கேன்.”

“எதை எழுதியிருக்க? மூணுக்கு வந்தாச்சுன்னா மூணுதேன். கைய உதறிட்டுக் கயித்தப் பிடிக்கணும். முடிஞ்ச பேரத்த மறுக்கா நாலுலருந்து ஆரம்பிச்சா, எதுத்தவன் துண்டத் தோள்ல போட்டுட்டுப் போயிக்கிட்டே இருப்பான். அய்யலூர்ல மட்டுமில்ல, சப்பான்லயும் அம்புட்டுத்தேன்.”

பக்கத்தில் இரண்டு குட்டிகளைக் கொண்டுவந்து நின்றிருந்த ராமுத்தாய் அக்கா எட்டிப் பார்த்தார். எரியோட்டுப் பக்கத்திலிருந்து மாதம் ஒருமுறை குட்டி விற்க வருபவர். “எங்க, இன்னொருக்காப் போடு” என்றார். போட்டேன். மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறை ஓடும்போதே சிரித்துவிட்டார்.

“மலைச்சாமி, அது கையே இல்லப்பா. உள்ள ஒரு உசுரு படுத்திருக்கு. ஈத்துக்குட்டியச் சாக்குல போத்திப் போட்டா, தூக்கத்துல இப்படித்தேன் கால உதறும். பாரு, நாலு காலு, ரெண்டு காலு, மூணு காலு.”

“பொம்மைப் படத்துல ஏதுக்கா ஆட்டுக்குட்டி?” என்றேன்.

“ஆட்டுக்குட்டின்னு யாரு சொன்னா? உசுருன்னுதான சொன்னேன்.”

அண்ணன் போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கிடாயிடம் போனார். “வீடியோ வேணும்னா எடுத்துக்க. ஆனா அதுக்கும் இதுக்கும் சம்மந்தமில்ல” என்றார் திரும்பிப் பார்க்காமல்.

நான் வீடியோ எடுக்கவில்லை. திண்டுக்கல் பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பதினொரு நொடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வடமதுரை தாண்டும்போது கடிகாரத்தை வைத்து அளந்தேன். முதல் நாலு-ரெண்டு-மூணு ஐந்தரை நொடி. இரண்டாவது நாலு-ரெண்டு-மூணும் ஐந்தரை நொடி. கால் நொடி கூட வித்தியாசம் இல்லை.

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இந்த வகைத் தொடர்களில் ஒரு நொடிக்கு இருபத்துநாலு படம் ஓடும். ஆனால் இருபத்துநாலும் வரையமாட்டார்கள். ஒரு படத்தை வரைந்து, அதையே மூன்று முறை காட்டுவார்கள், கண் ஏமாந்துவிடும். அப்படியானால் நொடிக்கு எட்டு ஓவியம் போதும். பதினொரு நொடிக்கு எண்பத்தெட்டு. இரண்டு பாதியும் ஒன்றே என்றால் நாற்பத்துநாலு ஓவியம்தான் இருக்கிறது, அது இரண்டு தடவை ஓடுகிறது. யாரும் உறுதி செய்யவில்லை. சுற்றவிட்டிருக்கிறார்கள். ஒரு ஓவியத்தைச் சுற்றவிடுகிறவர்கள் அதை வேறு எங்கிருந்தாவது எடுத்துவந்திருக்கவும் கூடும். ஒரே மயிலை ஊர் ஊராக அனுப்பிய எனக்கு இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். சந்தைத் துண்டைப் பார்த்த கண், மயிலை மறந்துவிட்டது.

கடைக்குள் நுழைந்ததும் இஃப்பத்திடம் சொன்னேன். இஃப்பத் என் பக்கத்து இருக்கை டிசைனர். பேகம்பூர்க்காரி. என்னோடு சேர்ந்து தொவாகோவை முதலிலிருந்து பார்ப்பவள். எழுதமாட்டாள், அழுவாள்.

“உள்ள உசுரு கிடக்குன்னு சொன்னாங்களா?” இஃப்பத் டீயைக் கீழே வைத்தாள். “அடியே பேச்சி. போபோ!”

போபோ என்பது தொவாகோவின் பேசும் அணில். ஆறாம் பகுதியில் அதற்குக் காய்ச்சல் வரும். தொவாகோ அதை மேசைமேல் படுக்க வைத்து, தன் சிவப்பு மஃப்ளரைப் போர்த்தி, தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பிழைக்குமா என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பகுதிக்கு இஃப்பத் அழுத அழுகையில் அன்று ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரில் தேதி தப்பாக அச்சாகிவிட்டது.

நாங்கள் இரண்டையும் கணினியில் திறந்தோம். ஆறாம் பகுதியின் படத்தைக் கீழே வைத்து, இருபத்தொன்பதாம் பகுதியின் படத்தை மேலே வைத்து, மேலே உள்ளதைப் பாதி மங்கலாக்கினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். பேனரில் இரண்டு முகங்களைச் சரிபார்க்க நாங்கள் தினமும் செய்கிற வேலைதான். மஃப்ளரின் மடிப்பு மடிப்பின்மேல் உட்கார்ந்தது. மேடு மேட்டின்மேல் உட்கார்ந்தது. நாலு கால், ரெண்டு கால், மூணு கால். ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு சின்ன மேடு.

“அது வாலு” என்றாள் இஃப்பத். “அதத்தான நீ மணிக்கட்டுன்னு ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்த?”

“எழுதியிருந்தேன்.”

“தொவாகோவோட மணிக்கட்டு நடுங்குறதுல அவளோட குலப்பெருமை தெரியுதுன்னு...”

“இஃப்பத், போதும்.”

அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். அப்புறம் அவளுக்கே முகம் மாறியது. “அத அனுப்பிட்டியே.”

“திங்கக்கிழமையே.”

“சொல்லாத. உலகத்துல எவன் ஆறையும் இருபத்தொன்பதையும் மேல மேல வச்சுப் பாக்கப்போறான்? நீ சொன்ன கதை நல்லாத்தான இருக்கு. அவுகளுக்கு அது பிடிச்சிருந்தா வேலை உனக்கு. வாயத் தொறந்தா வேலை போயிரும்.”

“போன மாசம் நீ ஒருத்தருக்கு வேற ஆளு கழுத்த ஒட்டினியே, யாரு கண்டுபிடிச்சா?”

இஃப்பத் யோசித்தாள். “அவரு பொண்டாட்டி.”

“அதான். பாசமாப் பாக்குறவுக ஒரே பார்வைல கண்டுபிடிச்சிருவாக. இந்தப் படத்தப் பிள்ளைகதான் பாக்கப் போகுது. ஒரே எபிசோடைப் பத்து வாட்டி பாக்கும். போபோவோட காலை அதுகளுக்குத் தெரியாதா? அந்தக் காலு மேல ‘மூணு நாள்’னு வசனம் கேட்டா என்ன நினைக்கும்?”

“அணில் பேரம் பேசுதுன்னு நினைக்கும்” என்றாள். மறுபடி சிரித்தாள். பிறகு மெதுவாக, “ஆனா எதுக்கு அத எடுத்தாக? ரெண்டு கைய வரையறது அம்புட்டுக் கஷ்டமா?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் வியாழன் பிற்பகல் முழுவதும் ஒரு சீமந்த பேனருக்கு நடுவே நடுவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

துணிக்கு அடியில் இரண்டு கை கோத்திருப்பதை வரைவது கஷ்டமே இல்லை. துணி பெரிதாக அசையாது. ஐந்தாறு ஓவியம் போதும். நாற்பத்துநாலு ஓவியம் உள்ள ஒன்றைத் தேடி எடுக்க வேண்டிய அவசியமில்லை. அலமாரியில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்த ஒருவர்தான் அதை எடுத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் எடுப்பேன். சீமந்தத்துக்கு மயில் வைக்கமாட்டேன், வளையல் வைப்பேன். இரண்டும் பழையதுதான், ஆனாலும் எது எங்கே பொருந்தும் என்று பார்த்துத்தான் வைப்பேன். அந்த மேசை, அந்த மஃப்ளர், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அதே தொவாகோ. அன்று அணில் பிழைக்குமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். இன்று சிநேகிதம் பிழைக்குமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். கையின் அசைவை வரையாமல், உள்ளே துடித்துக்கொண்டிருக்கும் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார். ஆறாம் பகுதியைப் பார்த்த பிள்ளைக்கு அது சொல்லாமலே புரியும்.

பேர விளக்கத்தை விட இது நல்ல விளக்கம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. விமர்சனத்தை முதலிலிருந்து எழுதினேன். வசனத்தில் அந்த மூன்று வரிகளையும் அடித்தேன். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் இரண்டும் தயாராகிவிட்டன.

ஐந்தரைக்குப் போன் வந்தது. உள்ளே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் பக்கத்து ஜெராக்ஸ் கடைப் படிக்கட்டில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டேன். இஃப்பத் வடையோடு வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

“பேச்சாயிங்கறது உண்மையான பேரா மேடம்?” என்று தொடங்கினார் அருள்நாதன்.

“ஆமா சார். ரேஷன் கார்டுலயே அதான்.”

“சூப்பர். உங்க சாம்பிளைப் பார்த்தோம். வாயசைவுக்கு வசனம் அழகா உக்காருது. ஆனா எல்லாத்துக்கும் மேல அந்தப் பேரம் இருக்கு பாருங்க! ஆபீஸ்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். ‘நாலு நாள், ரெண்டு, சரி மூணு’. அதை ட்ரெய்லர்லயே வெக்கலாம்னு பேசிட்டிருக்கோம்.”

இஃப்பத் வடையை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினாள்.

“சார், அது தப்பு” என்றேன்.

இஃப்பத்தின் விரல்கள் அப்படியே நின்றன.

சொன்னேன். ஐந்தரை நொடியைச் சொன்னேன், நாற்பத்துநாலு ஓவியத்தைச் சொன்னேன், போபோவின் வாலைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் வந்துவிட்டது; மேலே வைத்துப் பார்த்த படத்தையும் புது விமர்சனத்தையும் அப்போதே அவருக்கு அனுப்பினேன். எதிர்முனையில் மவுஸ் சத்தம் கேட்டது. அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார் என்று புரிந்தது.

“அட, வால்தான்” என்றார் கடைசியில். “இது வேற யாருக்காவது தெரியுமா?”

“இஃப்பத்துக்குத் தெரியும். எங்கண்ணனுக்குத் தெரியும். சந்தைல ராமுத்தாய்னு ஒரு அக்காவுக்கு, மூணாவது தடவ போடுறதுக்குள்ள தெரிஞ்சிருச்சு. உங்க படத்தப் பாக்குற பிள்ளைகளுக்கு ரெண்டாவது தடவைலயே தெரிஞ்சிரும் சார்.”

அவர் பெருமூச்சு விட்டார். “ட்ரெய்லர் போச்சு. சரி, அப்போ அந்தப் பதினொரு செகண்டுக்கு என்ன வசனம்?”

“வசனம் வேண்டாம்.”

“பதினொரு செகண்டும்?”

“பதினொண்ணும்.”

“மேடம், நடக்காது. பதினொரு செகண்ட் சத்தம் இல்லன்னா டிவி ரிப்பேர்னு ரிமோட்டைத் தட்டுவாங்க. நாலு செகண்ட் சும்மா விடறேன். மீதிக்கு ஏதாவது எழுதுங்க.”

எனக்கு முதுகு நிமிர்ந்தது. வேலை இல்லை என்று அவர் சொல்லவில்லை. நாலு என்கிறார். எதிரில் இருப்பவர் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் துண்டைப் போட்டாயிற்று, பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இதில் எங்கள் வீட்டுக்கு மூன்று தலைமுறைப் பழக்கம் இருக்கிறது.

“நாலுல ஒண்ணும் ஆகாது சார். மூச்சு விடுறதுக்குள்ள முடிஞ்சிரும். ஒன்பது.”

“அஞ்சு.”

“அஞ்சுல நிறுத்துனா அணிலோட காலு பாதில நிக்கும். ஒரு சுத்துக்கே அஞ்சரை வேணும். எட்டு.”

“மேடம், நீங்க சினிமா எடுக்கல, டிவிக்குப் பண்றீங்க. ஆறு.”

“ஒரு சுத்து முழுசா ஓடி முடிஞ்சு, பாக்குறவுக ‘அட’ன்னு நினைக்க ஒரு மூச்சு வேணும்ல சார். அஞ்சரையும் ஒண்ணரையும். ஏழு. மீதி நாலு செகண்டுக்கு சாயோவோட ‘நாளைக்கு மழை வரும்’ங்கற வசனத்தை முன்னால இழுத்து மஃப்ளர் மேலயே விட்டுரலாம். திரைல மூஞ்சியே இல்ல, வாயசைவுத் தொல்லை கிடையாது. அவ எந்திரிக்கும்போது முதுகுதான் தெரியும், அங்க வசனம் இல்லாட்டி யாருக்கும் தெரியாது. நீங்க புதுசா ஒரு வரிகூட ரெக்கார்டு பண்ண வேண்டாம்.”

அவர் எதையோ ஓட்டிப் பார்த்தார். மஃப்ளர் காட்சியின் அமைதி போன் வழியாகவும் கேட்டது.

“ஏழு” என்றார்.

“ஏழு” என்றேன். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

“இருபத்தொன்பதுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணுலருந்து வரணும்ல?” என்றார் அருள்நாதன். “முதல் பன்னிரண்டு எபிசோடு நீங்க எழுதுங்க. அதைப் பார்த்துட்டு மீதியைப் பேசுவோம். ட்ரெய்லருக்கு எனக்கு இன்னொரு நல்ல சீன் நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும். வால் இல்லாத சீனா இருக்கட்டும்.”

போனை வைத்ததும் இஃப்பத் வடையின் பாதியை என் வாயில் திணித்தாள். வாயில் வடையோடே அண்ணனைக் கூப்பிட்டேன்.

“எம்புட்டுக்கு முடிஞ்சுச்சு?” என்றார், எதைப் பற்றி என்று கூடக் கேட்காமல்.

“ஏழு.”

“நீ எதுல ஆரம்பிச்ச?”

“பதினொண்ணு.”

“அவரு?”

“நாலு.”

அண்ணன் ஒரு கணம் கணக்குப் போட்டார். “நடு ஏழரைல்ல வருது? அரையை விட்டுட்டியே, கோட்டிக்காரி.”

“ஏழரை நமக்கெதுக்குண்ணே, சனியோட போகட்டும்” என்றேன். அவர் சிரித்த சிரிப்புக்குப் பின்னால் ஆடு கத்துவது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பதிவு இப்படித் தொடங்கியது: ‘இருபத்தொன்பதாம் பகுதியைப் பார்க்கும் முன் ஆறாம் பகுதியை இன்னொரு முறை பாருங்கள். நான் பார்க்கவில்லை, அதனால் ஒரு அணிலின் வாலை மணிக்கட்டு என்று நினைத்துவிட்டேன். என்னைத் திருத்தியவர் எரியோட்டுப் பக்கத்து ராமுத்தாய். அவர் இந்தத் தொடரைப் பதினொரு நொடி மட்டும்தான் பார்த்திருக்கிறார்.’ அதன்கீழ் இரண்டு படங்களையும் மேலே மேலே வைத்துக் காட்டினேன். எப்படி வைத்துப் பார்ப்பது என்றும் எழுதினேன்; யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் முதல் பகுதியைத் திறந்தேன். சத்தத்தை அணைத்தேன். தொவாகோ பள்ளியிலிருந்து ஓடிவந்து வாசற்கதவைத் திறந்து அம்மாவைக் கூப்பிடுகிறாள். தொடரின் முதல் சொல் அது. ஜப்பானிய வாய் மூன்று முறை திறக்கிறது. ‘அம்மா’ என்று எழுதினால் இரண்டோடு தீர்ந்துவிடும். மூன்றாவது திறப்பில் வாய் மட்டும் சும்மா ஆடும். ‘தாயே’ என்று எழுதுகிற ஆள் நான் இல்லை.

“நீ வீட்டுக்குப் போனதும் எப்படிக் கூப்பிடுவ?” என்று இஃப்பத்தைக் கேட்டேன்.

“பசியோடயா, பசியில்லாமயா?”

“இவ ஓடி வாரா. பசியோடதான்.”

இஃப்பத் மவுஸைக் கீழே வைத்தாள், கழுத்தைத் தூக்கினாள், “ஏ... யம்மா!” என்று கடை அதிரக் கத்தினாள். உள்ளே முதலாளி நாற்காலியை இழுத்துக்கொண்டு எழும்பும் சத்தம் கேட்டது. நான் படத்தைப் பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினேன்.

“இன்னொருக்காக் கத்து” என்றேன். மூன்றும் சரியாக உட்கார்ந்தன.